கிலோக்காரர் கட்டிய மர ரயில்

நான் இப்போது வேலை பார்க்கும் அங்கன்வாடியில் மாதத்துக்கு ஒரு முறை பிள்ளைகளை எடை போட வேண்டும். விட்டத்திலிருந்து தொங்கும் தராசில் துணித் தொட்டிலை மாட்டி, பிள்ளையை உட்கார வைத்து, அது காலை உதைப்பதை நிறுத்தும்வரை காத்திருந்து, முள் நிற்கும் இடத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும். முள்ளைப் பார்ப்பதற்கு முன்னால் மனதுக்குள் ஒரு எண்ணைச் சொல்லிப் பார்ப்பேன். பதினொன்று இருநூறு. ஒன்பது எண்ணூறு. பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும். அவர் சொன்னால் தப்பாது.

ஊரில் அவருக்குக் கிலோக்காரர் என்று பெயர். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிட்டேன், என் கணவருக்கு அவர் மச்சான் முறை. எதிரில் யாராவது வந்தால் நாமெல்லாம் சாப்பிட்டாச்சா என்று கேட்போம். அவர் "எத்தன கிலோ இருக்கீங்க?" என்பார். நாம் வாயைத் திறப்பதற்குள் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவரே சொல்லிவிடுவார். கல்யாண வீட்டில் மேடைக்குக் கீழே நின்றுகொண்டு, "பொண்ணு அம்பத்தெட்டு, மாப்ள அம்பத்தாறு, போட்டோ எடுக்குறவரு எண்பது. மேடை தாங்கும்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார். பெண் வீட்டார் காதில் விழும். அவருடைய மனைவி அவர் சட்டையைப் பிடித்துப் பந்திக்கு இழுத்துக்கொண்டு போவார்.

கறம்பக்குடி கடைத்தெருவில் ஓர் உரக்கடை முதலாளியை "நூத்தி ரெண்டு" என்று சொல்லிவிட்டார். முதலாளிக்குக் கோபம் வந்துவிட்டது. "தொண்ணூத்தாறுய்யா நான்" என்று மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்றார். நூற்றிரண்டரை காட்டியது. "அந்த அரை கிலோ செருப்புங்க" என்றார் கிலோக்காரர்.

இந்தப் பழக்கம் வளைகுடாவில் வந்தது. அங்கே ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் ஒன்பது வருடம் இருந்தார். அங்கிருந்த மர ரயிலுக்கு, அதாவது மரத்தால் கட்டிய ரோலர் கோஸ்டருக்கு, பராமரிப்பு வேலை. ஊரில் அதை யாரும் நம்பவில்லை. டீக்கடைக்காரர்தான் எல்லாருக்கும் சேர்த்துக் கேட்டார்.

"ஏன், இரும்புல செய்ய அந்த ஊர்ல வக்கில்லையா?"

"இரும்புலயும் இருக்குண்ணே, பக்கத்துலயே. அது வழுக்கிக்கிட்டுப் போயிரும். ஒரு தடவ ஏறுனா போதும்னு ஆயிரும். மரம் அப்படியில்ல. ஆடும், அலறும், அங்கிட்டும் இங்கிட்டும் போட்டு இடிக்கும். காலையில ஒரு மாதிரி போகும், வெயில் ஏறுனா வேற மாதிரி போகும், மழ பேஞ்ச அன்னைக்கிப் பேயாட்டம் பறக்கும். நேத்து ஏறுனவன் இன்னைக்கும் வந்து நிக்கிறான். நேத்து மாதிரி இருக்காதுல்ல."

"அப்படி ஆடுனா ஒடஞ்சிராதா?"

"ஆடுறதுனாலதாண்ணே ஒடையாம நிக்கிது."

தினமும் விடிந்ததும் கையில் சுத்தியலோடு அந்தப் பாதை முழுக்க நடந்து, ஒவ்வொரு போல்ட்டாகத் தட்டிப் பார்க்க வேண்டுமாம். டங் என்றால் சரி. டொக் என்றால் மரம் சுருங்கி போல்ட்டு தளர்ந்திருக்கிறது, முறுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு இருக்கையிலும் ஆளுக்குப் பதிலாக மணல் மூட்டையை வைத்து வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்படி ஒன்பது வருடம் மூட்டைகளை எடை பார்த்து ஏற்றியவருக்கு மனிதர்களும் மூட்டைகளாகத் தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை.

"பள்ளத்துல எறங்கி மேட்டுல ஏறும் பாருங்க, அந்த மேட்டு மேல ஒரு நொடி சீட்ட விட்டு எந்திரிப்போம். அங்க யாருக்கும் எடை கெடையாது. நூத்தி ரெண்டும் சைபரு, நாப்பதும் சைபரு. அந்த ஒரு நொடிக்குத்தான் அம்புட்டுச் சனமும் கத்துது" என்பார். இதைச் சொல்லும்போது மட்டும் முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும்.

"நீ ஏறிருக்கியாப்பா?"

"ஒரே தடவ. ஊருக்கு வர்றதுக்கு மொத நாள்."

"எப்படி இருந்துச்சு?"

"என்னத்தச் சொல்ல. எனக்கு போல்ட்டுச் சத்தம்தான் கேட்டுச்சு."

கார்த்திகையில் புயல் அடித்தது. எங்கள் பக்கத்தில் நின்ற தென்னையும் தைல மரமும் பலாவும் பெரும்பாலும் ஒரே இரவில் படுத்துவிட்டன. ஓடு பறந்த வீடுகளுக்கு மேலே நீலத் தார்ப்பாய் கட்டிக்கொண்டு ஊர் உட்கார்ந்திருந்தது. விழுந்த மரங்களை யாராவது எடுத்துக்கொண்டு போனால் சரி என்று எல்லாரும் சொன்னபோது, எடுத்துக்கொண்டு போனவர் கிலோக்காரர் ஒருவர்தான். எதற்கு என்று அப்போது யாருக்கும் தெரியாது.

அடுத்து வந்த தை மாதத்தில் என் கணவர் இறந்தார். அவரும் வளைகுடாவில்தான் இருந்தார், ஓட்டுநர் வேலை. தூக்கத்திலேயே போய்விட்டார் என்றார்கள். கல்யாணமாகி மூன்று வருடம் ஆகியிருந்தது. இரண்டு விடுமுறைகளையும் சேர்த்து நாங்கள் ஒன்றாக இருந்தது ஐந்து மாதம். இருபத்திரண்டாம் நாள் பெட்டி வந்தது. திருச்சி விமான நிலையத்துக்கு ஆம்புலன்ஸோடு போய்க் கொண்டுவந்தவர்களில் கிலோக்காரரும் ஒருவர்.

பெட்டியைப் பந்தலில் வைத்தார்கள். நாளாகிவிட்டதால் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எல்லாரும் அலறிக்கொண்டிருந்தபோது அவர் குனிந்து பெட்டியில் ஒட்டியிருந்த தாளைப் படித்தார். பலகையை விரலால் இரண்டு இடத்தில் தட்டிப் பார்த்தார். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"மொத்தம் நூத்தி ஆறுன்னு போட்டுருக்கான், தங்கச்சி. பலகையும் உள்ள இருக்குற தகரமும் நாப்பத்தஞ்சு வரும். மச்சான் அறுபத்தொண்ணு. இங்கேர்ந்து போறப்ப எழுபது இருந்தாரு."

பக்கத்தில் இருந்தவர்கள் அவரை அடிக்காத குறை. "சாவு வீட்டுல பேசுற பேச்சாய்யா இது, இவன் நாக்குல சனி" என்று யாரோ தள்ளிவிட்டார்கள். என் மாமியார் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு, "அறுபத்தொண்ணா, எம்புள்ள எளைச்சுல்ல போச்சு" என்று மாரில் அடித்துக்கொண்டார். அன்றைக்கு எனக்கு எத்தனையோ பேர் எத்தனையோ சொன்னார்கள். ஒன்றும் நினைவில் இல்லை. முகத்தைப் பார்க்கவில்லை, பெட்டியைத் தொடவில்லை. ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். எங்கள் பக்கம் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும், நின்றுவிட்டேன். எனக்கென்று மிஞ்சியது அந்த அறுபத்தொன்று மட்டும்தான்.

நான் அழவில்லை. எங்கள் ஊரில் அழாத பெண்ணை அப்படியே விட்டுவிட மாட்டார்கள். துக்கம் உள்ளே தங்கினால் நெஞ்சை அடைத்துவிடும் என்று பயம். அதனால் முறை வைத்து வந்து அழவைக்கப் பார்த்தார்கள். கட்டிப்பிடித்துக் கதறினார்கள். கணவர் சட்டையைக் கொண்டுவந்து மடியில் போட்டார்கள். குளத்தூரிலிருந்து வந்த என் சின்னம்மா ஒருவர், கடைசி முயற்சியாக, என் மேல்கையைப் பிடித்துத் திருகிக் கிள்ளினார்.

"வலிக்குதாடி?"

"இல்ல சின்னம்மா."

"நெசமாவே வலிக்கலையா?"

"இல்ல."

பொய் சொல்லவில்லை. கை நீலமாகக் கன்றியது, அதை ஒரு வாரம் யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. கொதிக்கிற டீயைக் குடித்துவிட்டு நாக்கு வெந்ததை மறுநாள்தான் கவனித்தேன். அழுகை வராததைப் பற்றி மற்றவர்கள் பயந்தார்கள். எனக்கு வேறு பயம் இருந்தது. இனிமேல் எதுவுமே வராதோ, இப்படியே ஐம்பது வருடம் போய்விடுமோ என்ற பயம். அந்தப் பயமும் தூரத்தில் எங்கேயோ இருந்தது.

எங்கள் வீட்டுக் கொல்லைக்குப் பின்னால் கண்மாய். மாசி மாதத்திலேயே தண்ணீர் வற்றிவிட்டது. அந்தக் கண்மாய்க்குள்தான் கிலோக்காரர் மரங்களைக் கொண்டுவந்து அடுக்கினார். இரண்டு ஆசாரிகளை வைத்துக்கொண்டு கால்களை நட்டார். கரை மேட்டிலிருந்து இன்னும் இரண்டு ஆள் உயரத்துக்குக் கிளம்பி, கண்மாய்க்குள் சரிந்து இறங்கி, நடுவில் ஒரு மேடு ஏறி, மறுபடி இறங்கி, ஒரு திருப்பம் திரும்பி, வைக்கோல் போரில் போய் முடிகிற மரப்பாதை. தென்னம்பலகைமேல் இரும்புப் பட்டை. கிணறு வெட்டுகிறவர்களின் விஞ்ச் ஒன்றை வைத்து வண்டியை உச்சிக்கு இழுக்க ஏற்பாடு. வண்டி என்றால் ஒரு பலகை, அதன்மேல் பழைய பள்ளி வேனின் இரட்டை இருக்கை ஒன்று, இடுப்புக்குக் குறுக்கே ஒரு கம்பி. வைகாசித் திருவிழாவுக்கு ஊர் சனத்தை ஏற்ற வேண்டும் என்பது அவர் ஆசை.

நான் கொல்லையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் வேலியோரமாகப் போகும்போது நின்று ஒரு பார்வை பார்ப்பார்.

"நாப்பத்தெட்டு, தங்கச்சி. போன மாசம் அம்பத்தொண்ணு."

அவ்வளவுதான். சாப்பிடு என்று சொன்னதில்லை. எத்தனை நாளைக்கு இப்படி இருப்பாய் என்று கேட்டதில்லை. என்னை அழவைக்கப் பார்க்காத ஒரே ஆள் அந்த ஊரில் அவர்தான். அவருக்கு அது தோன்றவே இல்லையோ என்னவோ.

திருவிழாவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது வெள்ளோட்டம். கமிட்டிப் பெரியவர்கள் வந்திருந்தார்கள். எதைத் தொடங்கினாலும் பூசை போடாமல் எப்படி? பெரியவர் ஒருவர் வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார். அதோடு விட்டிருக்கலாம். முக்கியமான பாகம் எது என்று விசாரித்து, பாதையின் கடைசியில் வண்டியை உரசி நிறுத்தும் பிரேக் பலகைக்கும் எண்ணெயில் குழைத்த சந்தனத்தை நாலு விரலால் தாராளமாக அப்பி, பூவும் சாத்திவிட்டார். கிலோக்காரர் அப்போது மேலே விஞ்சுக்குப் பக்கத்தில் மூட்டைகளை எடை பார்த்துக்கொண்டிருந்தார். ஆசாரியிடம் விஞ்சை விட்டுவிட்டுக் கீழே வந்து பிரேக் கம்பியைப் பிடித்தார். வண்டி பிரமாதமாக இறங்கி, ஏறி, திரும்பி வந்தது. அவர் கம்பியைப் பிடித்து இழுத்தார். வண்டி நிற்கவே இல்லை. வழுக்கிக்கொண்டு வைக்கோல் போருக்குள் புகுந்து அந்தப் பக்கமாக வெளியே வந்து, அங்கே கட்டியிருந்த பசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓட, வண்டி கண்மாய் நடுவில் போய் நின்றது.

பூசை போட்ட பெரியவரே சொன்னார்: "இது ஆகாதுப்பா. மனுசன் ஒருத்தன் ஏறி முழுசா எறங்கிக் காட்டட்டும். இல்லைன்னா திருவிழாவுக்கு முன்னாடி பிரிச்சுப் போட்டுரு."

இரண்டு நாள் உப்புத்தாளை வைத்துச் சந்தனத்தைத் தேய்த்தார் கிலோக்காரர். ஏற ஒருவரும் வரவில்லை. நீயே ஏறேன் என்றார்கள். "பிரேக்க யாரு பிடிக்கிறது? ஒங்கள நம்பியா?" என்றார். அவர் மனைவியைக் கேட்டிருக்கிறார். "ஒங்களுக்கு வேற பொண்டாட்டி வேணும்னா சொல்லிருங்க, நான் எங்க ஆத்தா வீட்டுக்கு நல்லபடியா நடந்தே போயிருறேன்" என்றாராம்.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒருவர் ஏறி முழுதாக இறங்கியதற்கு ஆசாரி சாட்சி சொன்னதால், திருவிழா மூன்று நாளும் அந்த வண்டி ஓடியது. கரை மேட்டில் வரிசை நின்றது. புதுக்கோட்டையிலிருந்துகூட பைக்கில் வந்தார்கள். உரக்கடை முதலாளி மூன்று தடவை ஏறி, மூன்று தடவையும் ஒரே மாதிரி அலறினார். துக்க வீடு என்பதால் நாங்கள் திருவிழாவுக்குப் போகவில்லை, சத்தம் கொல்லை வரைக்கும் கேட்டது. மழை வந்து கண்மாய் நிறைவதற்குள் அவரே பிரித்துவிட்டார். பலகைகள் ஓடு பறந்த வீடுகளுக்குப் போயின. அவர் வேறு ஏதோ நாட்டில் வேறு ஏதோ மர ரயிலுக்கு வேலைக்குப் போனார். மனைவியும் பின்னாலேயே போய்விட்டார். அப்புறம் தகவல் இல்லை. நான் வைத்திருக்கும் எண்ணுக்கு அடித்தால் உபயோகத்தில் இல்லை என்கிறது.

அந்தத் திருவிழா தொடங்க இரண்டு நாள் முன்னால், மத்தியானம். ஊர் உண்ட மயக்கத்தில் கிடந்தது. நான் வேலியைத் தாண்டிக் கண்மாய்க்குள் இறங்கினேன். ஏன் போனேன் என்றால் சொல்லத் தெரியவில்லை. விழுந்தால் விழுந்துவிட்டுப் போகிறது என்ற எண்ணம் இருந்திருக்கலாம். கிலோக்காரர் ஒரு மரக்காலின் அடியில் குந்தி போல்ட்டைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"நான் ஏறுறேண்ணே."

அவர் ஆச்சரியப்படவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"நாப்பத்தேழு" என்றார். "ஒரு பக்கமா ஆள் ஒக்காந்தா திருப்பத்துல வண்டி ஒதைக்கும். பக்கத்து சீட்டுக்குச் சாக்கு வைக்கணும். எத்தன கிலோ வைக்கட்டும்?"

"அறுபத்தொண்ணு."

அப்போதுதான் அவர் என் முகத்தைப் பார்த்தார். அதுவரை என்னை எடையாகப் பார்த்திருக்கிறார், முகத்தைப் பார்த்ததில்லை. போய்ச் சாக்கில் மணலை அள்ளி, கொக்கித் தராசில் மாட்டினார். அறுபத்தொன்றரை. இரண்டு கை மணலை எடுத்து வெளியே போட்டார். ஒரு கை அதிகமாகப் போய்விட்டது. பாதிக் கையைத் திருப்பிப் போட்டார். முள் சரியாக நிற்கும்வரை விடவில்லை. நான் பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விஞ்சுக்கு ஆசாரியை எழுப்பிக் கூட்டிவந்தார். சாக்கை இருக்கையில் வைத்துக் கயிற்றால் தளர்வாகக் கட்டினார். இடுப்புக் கம்பியை எங்கள் இருவருக்கும் குறுக்காகப் போட்டார். "கத்தணும்னு தோணுனா கத்து. தோணாட்டி வேணாம்" என்று சொல்லிவிட்டு, பிரேக் கம்பியைப் பிடிக்கக் கீழே ஓடினார்.

வண்டி கிறீச்சிட்டுக்கொண்டு ஏறியது. உச்சியில் நின்றபோது ஊர் முழுவதும் தெரிந்தது. நீலத் தார்ப்பாய்கள், தலையில்லாத தென்னைகள், கண்மாயின் மறுகோடியில் சுடுகாட்டுக் கொட்டகை. அந்த இடத்தை அதுவரை நான் பார்த்ததில்லை. இவ்வளவு பக்கத்திலா என்று நினைத்தேன். அதற்குள் ஆசாரி கொக்கியை விட்டுவிட்டார்.

மரம் அலறியது. பல்லோடு பல் இடித்தது, முதுகெலும்பில் ஒவ்வொரு பலகையையும் எண்ண முடிந்தது. பள்ளத்தில் யாரோ தோளைப் பிடித்து அமுக்கியது போல் இருக்கையோடு ஒட்டிப்போனேன். மேட்டில் ஏறியதும் எல்லாம் விட்டுப்போனது. நான் இருக்கையில் இல்லை. வயிறு என்னோடு இல்லை. பக்கத்தில் சாக்கும் இருக்கையை விட்டு எழும்பி என் தோள் உயரத்துக்கு வந்தது.

"பிடிச்சுக்கங்க!" என்று கத்தினேன்.

சாக்கைப் பார்த்துத்தான் கத்தினேன். என் கணவரோடு பைக்கில் போகும்போது அவர்தான் என்னிடம் அப்படிச் சொல்வார். சாக்கு என்மேல் சாய்ந்தது. திருப்பத்தில் இரண்டு கையாலும் அதைக் கட்டிப் பிடித்திருந்தேன். வண்டி நின்றது. கிலோக்காரர் பிரேக் கம்பியை இறுகப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"இன்னொரு தடவ" என்றேன்.

"சாக்க எறக்கிரட்டா?"

"இருக்கட்டும்."

மூன்று தடவை போனேன். அவர் சொன்னது சரிதான், ஒரு தடவை மாதிரி இன்னொரு தடவை இல்லை. ஆனால் மூன்று தடவையும் அந்த மேட்டின்மேல் அறுபத்தொன்றுக்கும் எடை இல்லை, எனக்கும் இல்லை. மூன்றாம் தடவை முடிந்ததும் நானே இடுப்புக் கம்பியைத் தூக்கினேன்.

அவர் கயிற்றை அவிழ்த்துச் சாக்கைத் தோளில் ஏற்றக் குனிந்தார். பாதியில் நிறுத்தி நிமிர்ந்தார்.

"ஒரு பக்கம் பிடிக்கிறியா, தங்கச்சி?"

பிடித்தேன். மேலே சைபராக இருந்தது கீழே இவ்வளவு கனமா என்று இருந்தது. மணல்மேடு இருபது எட்டில் இருந்தது. அவர் அவசரப்படவில்லை, என் எட்டுக்கு அவர் எட்டு வைத்தார். நடுவில் நான் இறக்கி வைக்கச் சொல்லவில்லை. தோளில் ஏதோ பிடித்துக்கொண்டது. மணல்மேட்டில் வைத்ததும் அவர் சாக்கின் வாயை அவிழ்க்கப் போனார், பிறகு முடிச்சை என்னிடம் விட்டுவிட்டு போல்ட்டு முறுக்கப் போய்விட்டார். நானே அவிழ்த்தேன். நானே கவிழ்த்தேன்.

ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது தட்டைத் தூக்க முடியாமல் தரையிலேயே வைத்தேன். மாமியார் பார்த்துவிட்டார்.

"கையில என்னத்தா?"

"தூக்கினேன் அத்தை."

"எதத் தூக்குன?"

"அறுபத்தொரு கிலோ."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். சத்தமில்லாமல் அழுதுகொண்டே எழுந்துபோய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்து, என் கையைத் தன் மடியில் வைத்துத் தோளிலிருந்து கீழே அழுத்தித் தேய்த்துவிட்டார். சின்னம்மா கிள்ளிய இடத்துக்கு விரல் வந்தது.

"வலிக்குதாத்தா?"

"வலிக்குது அத்தை" என்றேன்.